நாற்காலிக்குக் கேட்காத சத்தம்

அவருக்குச் செவிடர் என்று பெயர் வைத்தது அவருடைய மனைவிதான். தெருவே அதை எடுத்துக்கொண்டது. உண்மையில் அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். பாட்டுக் கேட்பதற்கென்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, ஆளுயர ஸ்பீக்கர்களை வாங்கி நிறுத்திவிட்டு, "கடையில கேட்டப்ப நல்லா இருந்துச்சே, இங்க மட்டும் ஏன் கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு" என்று விழிக்கிறவர்களின் வீடுகளுக்கு அவர் போவார். நுழைந்ததும் சுவரோரமாக நடந்தபடி கை தட்டுவார். தட்டிய ஒலி இரண்டு சுவர்களுக்கு நடுவே பந்தாடப்படுவதைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் கேட்காது, நாலு வீடு தள்ளித் தண்ணீர்த்தொட்டி வழிவது கேட்கும்.

"சுவர் பேசறதெல்லாம் கேக்குது, கட்டினவ பேசறது மட்டும் கேக்கலையா, செவிடரே?" என்பார் மனைவி. சுவரில் மாட்டும் பலகைகளுக்குத் துணி உறை தைப்பது அவர்தான். கணவர் மடக்கி ஒட்டிய மூலைகளைப் பிரித்து மறுபடி ஒட்டுவதும் அவர்தான்.

செவிடர் சோபா தைக்கும் கடையில் வளர்ந்தவர். பஞ்சு, ஃபோம், துணி என்று தொட்டுத் தொட்டு, எது எந்த ஒலியை விழுங்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. மெல்லிய ஒலியை மெல்லிய ஃபோமே தின்றுவிடும். கரண்டி விழும் சத்தம், கைதட்டல், சிரிப்பு எல்லாம் அதில் போய் அடங்கும். பருத்த ஒலி அப்படியல்ல. இடி, லாரி, பெரிய முரசு ஆகியவற்றை ஃபோம் வைத்துத் தடுப்பது கொசுவலை கட்டி யானையைத் தடுப்பது போல. அதற்கு அறையின் மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை கனமாகக் கம்பளி அடைக்க வேண்டும். அது இடத்தையும் அழகையும் அடைத்துக்கொள்ளும். பாதிப் பேர் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு விதி இருந்தது: நாற்காலிதான் முதலாளி. பாட்டுக் கேட்கிறவர் எங்கே உட்காருகிறாரோ அங்கே ஒலி சுத்தமாக வந்தால் போதும். மற்ற இடத்தில் எப்படிக் கேட்டாலும் கேட்கட்டும். எல்லாச் சோதனையையும் நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்வார். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்லோரும் செய்வதாலேயே ஒன்று சரியாகிவிடும் என்றால், உலகத்தில் திருத்த வேண்டியது எதுவுமே இருந்திருக்காது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் வீட்டில் அவர் அப்படி ஓர் அறை அமைத்தார். நீதிபதியின் மனைவி நோயில் கிடந்து இறந்துபோன அறை அது. கட்டிலை எடுத்துவிட்டு ஸ்பீக்கர்களை வைக்கச் சொன்னார் நீதிபதி. முப்பது வருடம் ஊரார் வழக்கையெல்லாம் கேட்டவர், மனைவி பேசுவதைக் கேட்க நேரம் வைத்துக்கொண்டதில்லை. இப்போது நேரம் இருந்தது, மனைவி இல்லை. அதனால் பாட்டுக் கேட்டார்.

நாற்காலி அறையின் நட்ட நடுவில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போட்டா நல்லா இருக்குங்க ஐயா" என்றார் செவிடர். "வாழ்நாளெல்லாம் நடுவுல உக்காந்து பழகினவன் நான்" என்றார் நீதிபதி. சிரித்ததால் அது நகைச்சுவை என்று தெரிந்தது. மூலைகளில் கம்பளித் தூண்கள் என்றதும் முகத்தைச் சுளித்தார். "அசிங்கமா இருக்கும்." பின்சுவர் மூலையில் துணி அலமாரி ஒன்றும் இருந்தது, அதையும் எடுக்கக் கூடாதாம். செவிடர் சுவரெல்லாம் ஃபோம் பலகை ஒட்டினார், ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார், அந்தப் பெரிய தோல் நாற்காலியின் கால்களுக்கு அடியில் கம்பளித்துணி ஒட்டினார். உட்கார்ந்து கேட்டார். சுத்தமாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

சில மாதம் கழித்து நீதிபதியே தொலைபேசியில் கூப்பிட்டார். மூலையில் பலகைகள் பிய்ந்துவிட்டன, வந்து ஒட்ட வேண்டும்.

போய்ப் பார்த்தால், பலகைகள் தானாகப் பிய்ந்தவை அல்ல. அலமாரிக்குப் பக்கத்தில் மார்பளவு உயரத்திலிருந்து தரைவரை யாரோ நகத்தால் கிழித்து எடுத்திருந்தார்கள். வெறும் சுவரில் விரல்கள் இழுத்த பசைக் கோடுகள் தெரிந்தன. அதற்குக் கீழே நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, வண்ணக்குச்சியால் தரையில் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தது. அந்த மௌன அறையில் குச்சி உரசும் சத்தம்கூட உடனே செத்தது.

நீதிபதியின் அக்கா கதவருகே வந்து கையசைத்து அவரை வெளியே கூப்பிட்டார். வயதான அம்மா, காது மந்தம். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"எங்க மருமகதான் பிச்சா. அந்த மூலைல யாரோ மூச்சு விடறாங்களாம். சுவத்துக்குள்ள இருந்து. எனக்குத் தெரியும் அது யாருன்னு. என் தம்பி பொண்டாட்டி கடைசி வாரம் அப்படித்தான் மூச்சு விட்டா, ஏறி ஏறி இறங்கும். அவ இவள பிடிச்சுக்கிட்டா."

"நீங்க கேட்டீங்களாம்மா?"

"எனக்கு எங்க கேக்குது, காது மந்தமாச்சே" என்றார் அந்த அம்மா, அதனால் எதுவும் குறைந்துவிடாததுபோல.

பிறகு விஷயம் தெரிந்தது. நகருக்கு வெளியே ஓர் இல்லம் இருக்கிறது. புத்தி பேதலித்தவர்களையும் பேய் பிடித்தவர்களையும் அங்கே சரிசெய்வார்களாம். சரிசெய்யும் கருவியின் பெயர் சங்கிலி. உள்ளே போனவர்களை வீட்டார் கூப்பிட வரும்வரை வெளியே விடுவதில்லை, வீட்டார் பலர் வருவதே இல்லை. வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து வண்டி வரும். மருமகள் போவாள். குழந்தை இங்கேயே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் நீதிபதி தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நானும் தினம் இங்கதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனாலும் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்மானம் பண்றது என் பழக்கம் இல்ல. நீங்க இதுல நிபுணர். கேட்டுப் பாத்துச் சொல்லுங்க." எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

செவிடர் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். நீண்ட நேரம் கேட்டார். நடு அறை கழுவித் துடைத்ததுபோல இருந்தது.

"ஒரு சத்தமும் இல்லைங்க ஐயா."

"நல்லது" என்றார் நீதிபதி. கதவுக்கு அப்பால் நின்றிருந்த மருமகளை அப்போதுதான் செவிடர் பார்த்தார். ஒல்லியான பெண், கட்டைவிரல் நகத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. அவரைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். செவிடர் பசை எடுத்துவரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வருவதாகச் சொன்னார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுக்கு எங்க கேக்குதாம்?"

"மூலைல."

"நீங்க எங்க உக்காந்து கேட்டீங்க?"

"நாற்காலில."

"வயித்து வலின்னு வந்தவளுக்கு மூக்கப் பாத்து மருந்து குடுத்த வைத்தியன் மாதிரி இருக்கு" என்றார் மனைவி. "அவள வண்டில ஏத்தப்போறாங்கன்னு சொல்றீங்க. நீங்க ஏத்திவிட்டுட்டு வந்திருக்கீங்க."

இந்த முறை மனைவி சொன்னது செவிடர் காதில் விழுந்தது.

மறுநாள் பசையை எடுத்துக்கொண்டு அவர் போனபோது நீதிபதி குளித்துக்கொண்டிருந்தார். அறையில் மருமகளும் குழந்தையும் இருந்தார்கள். மருமகள் அலமாரியிலிருந்து தன் துணிகளை எடுத்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அதே மூலையில், அதே வட்டங்கள். வரைந்துகொண்டே வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தது. ம்ம்ம் என்று மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், மறுபடி ஏறும். பாட்டு அல்ல. எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ளும் எதுவும் அல்ல. செவிடருக்குக் கையில் முடி சிலிர்த்தது.

"பாப்பா என்ன பாடுது?"

"நான் கேக்கறதைத்தான்" என்றாள் மருமகள். "அவளுக்கும் கேக்குதுண்ணா. குழந்த சொல்றத யாரு எடுத்துக்கறாங்க. நான் சொல்றதையே எடுத்துக்கல."

"மூச்சுச் சத்தம்னு சொன்னியாமே."

"நான் சத்தம்னுதான் சொன்னேன். மூச்சுன்னு சொன்னது மாமனாரோட அக்கா. செத்துப்போன மாமியார்தான்னு முடிவு பண்ணினதும் அவங்கதான். எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணினது மாமனார். எனக்குன்னு மிச்சம் இருந்தது சத்தம் மட்டும்தான், அதுவும் இல்லேன்னு நேத்து நீங்க சொல்லிட்டீங்க." குரலில் கோபமில்லை. தூக்கமில்லாதவர்களின் சமமான குரல். "இங்க வந்து நில்லுங்க. அலமாரிக் கதவத் திறந்து தலைய உள்ள விடற மாதிரி. ஒரு எட்டு இந்தப் பக்கம் வந்தா போயிடும். ராத்திரில இருக்காது. விடுமுறை நாள்ல இருக்காது. கரண்ட் போனா நின்னுடும். பேய்க்கு எதுக்குண்ணா கரண்ட்?"

"இத உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். அவர் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள சத்தம் நின்னுடும். வந்து நின்னு பாத்தார், ஒண்ணும் இல்ல. அப்பாகிட்ட எதுத்துப் பேசாதன்னார்."

செவிடர் மூலைக்குப் போனார். அலமாரிக் கதவைத் திறந்து அவள் சொன்னபடி நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, காதால் கேட்டது என்று சொல்ல முடியாதபடி, மண்டைக்குப் பின்னால் ஒரு கனம் கூடியது. அது ஏறியது. நெஞ்சுக்கூடு நிரம்பும்வரை ஏறி, ஒரு கணம் நின்று, நீளமாக இறங்கிப்போனது. ஓய்வு. மறுபடி ஏறியது. மிகப் பெரிய, மிகவும் களைத்த ஓர் உடல் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு தன் முகத்துக்கு நேரே மூச்சு விடுவதுபோல இருந்தது. அவருடைய மூச்சும் தானாக அதனோடு சேர்ந்துகொண்டது. அது நிறுத்தும்போது இவரும் நிறுத்தினார். அதைக் கவனித்ததும் சட்டென்று ஒரு எட்டுப் பின்வாங்கினார். ஒன்றுமில்லை. அறை வாயை மூடிக்கொண்டது.

பேயை நம்பாதவர்தான். ஆனால் நம்பாமை மூளையில் இருக்கிறது, முதுகுத்தண்டுக்கு அந்தச் செய்தி போய்ச்சேர நேரமாகிறது. வியர்த்த கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவரால் யோசிக்க முடிந்தது. அகலமான தொட்டியில் தண்ணீரை ஆட்டினால் இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுத் தண்ணீர் மட்டம் அசையாது. பருத்த ஒலியும் இரண்டு சுவர்களுக்கு நடுவே அப்படித்தான் ஆடும். சுவரோரம் ஏறும், நடுவில் இல்லாமலேயே போகும். நீதிபதி நடுவில் உட்கார்ந்திருந்தார். அலமாரிக்கு அவர் போனதே இல்லை, அவருக்கு வேண்டியதை மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். பறவைச் சத்தம், தெருச் சத்தம் எல்லாவற்றையும் செவிடர் ஒட்டிய ஃபோம் தின்றுவிட்டிருந்தது. அவற்றின் கீழே மறைந்து கிடந்திருக்க வேண்டிய இந்த ஒன்றைத்தான் அது தின்னாமல் விட்டது. மூலையில் கம்பளி அடைத்திருந்தால் அடங்கியிருக்கும். வேண்டாம் என்று நீதிபதி சொன்னபோது, நாற்காலிக்குக் கேட்காது, அது போதும் என்று இவர் ஒத்துக்கொண்டார். ஒரே ஒருவருடைய காதுக்காகக் கட்டிய அறையில் மற்றவர்களுக்குக் கேட்பதெல்லாம் பைத்தியமாகிவிட்டது.

நீதிபதி குளித்துவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். செவிடர் அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நேத்து நான் சொன்னது தப்பு. சத்தம் இருக்கு. மூலைல நின்னா கேக்குது."

"நேத்து இல்லேன்னீங்க."

"தப்பான இடத்துல உக்காந்து கேட்டேன்."

"ஒரே நாள்ல வாக்குமூலம் மாத்தற சாட்சிகள நான் நிறையப் பாத்திருக்கேன்" என்றார் நீதிபதி. "உள்ள வந்ததும் அவ என்ன சொன்னா உங்ககிட்ட?"

"நீங்களே ஒரு தடவ எழுந்து வந்து நின்னு பாருங்கய்யா. நாலு எட்டு."

"நான் எழுந்து வர்றதுக்கு ஒரு அவசியமும் இல்ல."

செவிடர் மூலையில் நின்றதைப் பார்த்துவிட்டிருந்த அக்காவின் குரல் கூடத்திலிருந்து வந்தது: "அவனுக்கும் ஒட்டிக்கிச்சா? நான் வண்டிய இன்னிக்கே வரச் சொல்லிட்டேன். நாளைக்கு வரை வெச்சிருந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கும். பையனையும் ஆபீஸ்ல இருந்து வரச் சொல்லிட்டேன்."

மருமகள் பையைக் கீழே வைத்தாள். குழந்தை முனகுவதை நிறுத்தியது. பிறகு மருமகள் நாற்காலியின் பின்னால் வந்து, முதுகுப்பட்டையில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். என்ன செய்கிறாள் என்று புரிந்ததும் செவிடரும் கை கொடுத்தார்.

"என்ன இது? யார் மேல கை வைக்கறீங்க?"

"உங்க மேல இல்லைங்கய்யா. நாற்காலி மேல."

செவிடரே கம்பளி ஒட்டியிருந்த கால்கள் வழவழப்பான தரையில் சத்தமேயில்லாமல் வழுக்கின. நீதியரசர் அமர்ந்த கோலத்திலேயே, இரண்டு கைப்பிடிகளையும் பற்றியபடி, வாழ்நாளில் முதல்முறையாக நடுவை விட்டுப் பின்னோக்கி ஊர்வலம் போனார். இன்னொரு நாளாயிருந்தால் சிரித்திருக்கலாம். நாற்காலி மூலையில் போய் முட்டியது. எழுந்திருக்கக் கையை ஊன்றியவர், ஊன்றியபடியே நின்றார்.

அவர் முகம் மாறுவதை இருவரும் பார்த்தார்கள். முதலில் எரிச்சல் போனது. பிறகு அதிகாரம் போனது. பிறகு வயதானவர் ஒருவரின் முகம் மட்டும் மிஞ்சியது. மெல்ல மறுபடி உட்கார்ந்தார். வாய் லேசாகத் திறந்தது. அவருடைய மார்பு ஏறி, நின்று, இறங்கத் தொடங்கியது.

"கேக்குதாய்யா?" என்றார் செவிடர்.

"அவதான்" என்றார் நீதிபதி.

"இல்லைங்கய்யா, இது வெளில ஏதோ மெஷின்."

"அவளேதான். இப்படித்தான் விடுவா. கடைசில இப்படித்தான்." அவர் மருமகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "நீ கூட்டிட்டு வந்தியா இவள?"

நிரூபிக்க வந்ததைச் செவிடர் நிரூபித்துவிட்டார். சத்தம் இருக்கிறது என்று இப்போது வீட்டுக்கே தெரியும். அதனாலேயே மருமகள் பைத்தியத்திலிருந்து சூனியக்காரிக்கு உயர்ந்துவிட்டாள். கூடத்திலிருந்து தம்பியின் முகத்தைக் கண்ட அக்கா, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியைத் தேடினார், வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்க.

"உன் நம்பரச் சொல்லிட்டுப் போனக் கையில வெச்சுக்கோம்மா. இந்த மூலைய விட்டு நகராத. நான் கூப்பிடறேன்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுச் செவிடர் வெளியே ஓடினார்.

பின்தெருவில் என்ன இருக்கிறது என்று அவர் இதுவரை பார்த்ததே இல்லை. அறைக்கு உள்ளேதான் அவருக்கு வேலை. அந்த வீட்டின் பின்சுவருக்கு எதிரே பழம் பழுக்கவைக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு பெரிய காற்றாடிகள் உள்ளேயிருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று துருப்பிடித்தது, ஒன்று புதியது. தெருவில் நின்று கேட்டால் வெறும் இரைச்சல்தான், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கிடங்கு மெக்கானிக் ஒருவர் பலாப்பழ நிறச் சட்டையோடு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"இந்த ரெண்டுல ஒண்ணைக் கொஞ்சம் நிறுத்த முடியுமாண்ணா?"

"எதுக்கு?"

"எதிர் வீட்ல ஒரு பொண்ண வண்டில ஏத்தப்போறாங்க."

மெக்கானிக் காற்றாடியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் ஒரே வேகத்துல ஓடலை. அதனால சேர்ந்து தள்ளும்போது சத்தம் ஏறுது, மாறித் தள்ளும்போது இறங்குது. அந்த வீட்டு மூலைல மூச்சு விடற மாதிரி கேக்குது. பேய்ங்கறாங்க."

"அது சரி. புதுசு மாட்டினதுல இருந்து ரெண்டும் மாமியார் மருமக மாதிரிதான், ஒத்துப் போகல" என்றார் மெக்கானிக். தோலைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார். "பேய்னு பேர் வந்தா என் முதலாளி என்னையும் வண்டில ஏத்திடுவார். நில்லுங்க."

செவிடர் மருமகளைக் கூப்பிட்டார். "உன் வீட்டுக்காரர் வந்துட்டாரா?"

"இப்பதான் வந்தார். பக்கத்துலதான் இருக்கார்."

"அவர மூலைல நிக்க வை. அவர் காதுக்கும் கேக்கணும்." கொஞ்சம் பொறுத்தார். தொலைபேசியில் அவளுக்குப் பின்னால் யாரோ அழுவது கேட்டது, அது அக்கா. "கேக்குதா அவருக்கு?"

"கேக்குது. முகம் வெளுத்துப்போச்சு."

செவிடர் கையைத் தூக்கினார். மெக்கானிக் பழைய காற்றாடியின் பொத்தானை அமுக்கினார். இறக்கைகள் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றன.

"இப்ப?"

"மூச்சு நின்னுடுச்சு. ஒரே சீரா இரையுது."

புதியதும் நின்றது. தெரு திடீரென்று அகலமானதுபோல இருந்தது.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல." தொலைபேசியில் அவள் குரல் முதல்முறையாக நடுங்கியது. "ஒண்ணுமே இல்லண்ணா."

மறுபடி போடச் சொன்னார், மறுபடி நிறுத்தச் சொன்னார். மூன்றாவது முறையும் கணவனே சொன்னான், எது ஓடுகிறது, எது நின்றது என்று, தெருவைப் பார்க்காமலேயே. பேயும் பைத்தியமும் பொத்தானுக்குக் கீழ்ப்படிவதில்லை. செவிடர் இரண்டையும் நிறுத்தியே வைக்கச் சொல்லி, தன் எண்ணையும் கொடுத்துவிட்டு நீதிபதி வீட்டுக்குத் திரும்பினார்.

வண்டி வாசலில் வந்து நின்றிருந்தது. சாதாரண வெள்ளை வேன், பின்கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. மகன் ஓட்டுநரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். இப்படிப் போவதும் அவன் தொழிலில் உண்டுபோலும்.

அறைக்குள் நீதிபதி இன்னும் மூலையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ரெண்டு காத்தாடி. அவ்வளவுதான். நிறுத்தியாச்சு. வாங்க, எழுந்திருங்க" என்றான் மகன்.

"உஷ்" என்றார் நீதிபதி. "கேக்குது."

"நிறுத்தியாச்சுப்பா."

"உனக்குக் கேக்கலேன்னா போயேன். எனக்குக் கேக்குது." தலையைச் சுவரோடு சாய்த்தார். கண்கள் மூடியிருந்தன. மார்பு ஏறியது, நின்றது, இறங்கியது. செவிடர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டார். அந்த மூலையில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. கிழவரின் சொந்த மூச்சு மட்டும் இருந்தது. அதை வேறு யாருடையதோபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா வெந்நீரோடு வந்தார். "என் தம்பி களைச்சுப்போயிட்டான். ரெண்டு நாளா தூக்கமில்ல பாவம். கொஞ்சம் உக்காரட்டும், சரியாயிடும்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், போர்வை எடுத்துவரச் சொன்னார்.

மகன் போர்வையோடு வந்தான். யாரும் தொலைபேசியைத் தேடவில்லை. இல்லாத சத்தம் கேட்கிறது என்று ஓர் ஆண் சொன்னால் அதற்குக் களைப்பு என்று பெயர். இருக்கிற சத்தம் கேட்கிறது என்று ஒரு பெண் சொன்னால் வாசலில் வண்டி வந்து நிற்கும்.

மருமகள் இதையெல்லாம் கதவருகே நின்று பார்த்தாள். பிறகு காலையில் கட்டத் தொடங்கிய பையில் குழந்தையின் துணிகளையும் எடுத்துவைத்து மூடினாள்.

"எங்க கிளம்பற? வண்டிதான் போயிடுச்சே" என்றான் கணவன்.

"அதனாலதான் கிளம்ப முடியுது. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"இப்ப எல்லாம் தெளிவாயிடுச்சு. உன் மேல தப்பில்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு."

"எனக்குத் தெரியாம இருந்தது ஒண்ணுதான், அதுவும் இன்னிக்குத் தெரிஞ்சுடுச்சு" என்றாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாமனார் உட்கார்ந்திருந்த மூலையை ஒருமுறை பார்த்தாள். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. "அவர எங்கயும் அனுப்பிடாதீங்க. நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பக்கத்துல உக்காந்து என்ன கேக்குதுன்னு கேளுங்க."

அவன் வாசல்வரை போனான். தெருமுனைவரை போகவில்லை.

செவிடர் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. மெக்கானிக்.

"அண்ணா, அந்தப் பொண்ணு என்னாச்சு?"

"வண்டில ஏறல. குழந்தையக் கூட்டிட்டு அதுவா போயிடுச்சு."

"நல்லது. அப்ப காத்தாடியப் போடட்டுமா? நல்ல வெயில், உள்ள சரக்கு நிறைஞ்சிருக்கு, சூடு ஏறுது. சாயங்காலத்துக்குள்ள சரக்கெல்லாம் அழுகிடும்."

செவிடர் நாற்காலியைப் பார்த்தார். போர்வைக்கு மேலே அந்த முகம் மட்டும் தெரிந்தது.

"போடுங்க" என்றார்.

மூலையில் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் மண்டைக்குப் பின்னால் அந்தக் கனம் கூடி ஏறத் தொடங்கியது. செவிடர் நீதிபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இமை அசையவில்லை, உதடு அசையவில்லை, மார்பின் தாளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காற்றாடி நின்றதும் அவருக்குத் தெரியாது, ஓடியதும் தெரியவில்லை. செவிடர் நாலு எட்டுப் பின்வாங்கி நடு அறைக்கு வந்தார். அங்கே ஒன்றும் கேட்கவில்லை.